கால் ஆணி என்றுதான் நினைத்தோம்

ஜனவரி 11

அன்புள்ள சுண்டு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உன் அண்ணிதான் எழுதுகிறேன். உன் வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது. உன்னோடு படித்த பெண் ஒருத்தி எங்கள் தையல் கடைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தாள். நீ தோல் நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறாய் என்று அவள்தான் ஆஸ்பத்திரிப் பெயரையும் சொன்னாள். அந்த ஒரு தைரியத்தில் எழுதுகிறேன்.

பழைய கதையை நான் எடுக்கப் போவதில்லை. தன்னைச் சஸ்பெண்ட் பண்ண வைத்த செக்கரையே தன் தங்கை கல்யாணம் செய்துகொண்டால் ஒரு கண்டக்டர் என்ன ஆட்டம் ஆடுவார் என்று உனக்குத் தெரியாதா? "எனக்குத் தங்கச்சியே கிடையாது, நீ நல்லாவே இருக்க மாட்ட" என்று அவர் வாசலில் நின்று கத்தியபோது நான் வாயைத் திறக்கவில்லை என்று உனக்கு என் மேலும் வருத்தம். அது இருக்கட்டும்.

விஷயம் இதுதான். உன் அண்ணனுக்கு இடது குதிகாலில் கால் ஆணி. பஸ்ஸில் நாள் முழுக்க நிற்கிற காலுக்கு ஆணி வராமல் என்ன வரும் என்கிறார். மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டுகிறார், உரிக்கிறார், மறுபடி ஒட்டுகிறார். ஊறிப்போன தோலைப் பிளேடால் சீவி எறிகிறார். எனக்குப் பார்க்கவே கூசுகிறது. முதலில் மைத்துளி விழுந்த மாதிரிதான் இருந்தது. இப்போது பரவிவிட்டது. ஒரு பக்கம் கன்னங்கரேல், ஒரு பக்கம் பழுப்பு. நேற்று சாக்ஸைத் துவைக்கப் போட்டபோது குதிகால் இடத்தில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.

நல்ல களிம்பு ஏதாவது இருந்தால் பெயர் எழுது. பதிலைக் கடை விலாசத்துக்கே போடு. நான் எழுதியது அவருக்குத் தெரியாது. போனில் பேசலாம்தான். வீட்டில் அவர் இருப்பார், கடையில் ஆறு மெஷின் ஓடும். அதைவிட, உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச வராது.

உன் அண்ணி


ஜனவரி 19

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "யாரும்மா அனுப்பிச்சா?" என்று என் மகள் கேட்டாள். மாமா வீட்டிலிருந்து என்றேன். "எனக்கு மாமா இருக்காங்களா?" என்றாள். அவள் பிறந்ததற்கு ஒரு வார்த்தை விசாரிக்க ஆளில்லாத வீட்டிலிருந்து, களிம்புப் பெயர் கேட்டுக் கடிதம் வருகிறது. இதை எழுதாமல் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை, மன்னியுங்கள்.

களிம்புப் பெயர் எழுத மாட்டேன். பிளேடை இன்றைக்கே குப்பையில் போடுங்கள். பிளாஸ்திரியும் வேண்டாம்.

நம்மைப் போன்ற கறுப்புத் தோல்காரர்களுக்குத் தோலில் புற்றுநோய் வராது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வருகிறது அண்ணி. வெயில் படாத இடத்தில் வந்து உட்காருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். ஆணி என்றும் அடிபட்ட ரத்தக்கட்டு என்றும் சொல்லிக்கொண்டே நாளைக் கடத்திவிட்டுத்தான் இங்கே வருகிறார்கள். பெரிதாகிறதா, ஓரம் கோணல்மாணலாக இருக்கிறதா, ஒரே கறுப்பாக இல்லாமல் இரண்டு மூன்று நிறமாக இருக்கிறதா, ரத்தம் வருகிறதா என்று நாங்கள் கேட்போம். நான் கேட்காமலே நீங்கள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள்.

அதுவேதான் என்று சொல்லவில்லை. வெறும் ஆணியாகவும் இருக்கலாம். ஓரத்தில் துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். இந்த வாரமே ஒரு தோல் டாக்டரிடம் காட்டுங்கள். முடிந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், வெளிச்சத்தில்.

நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். சொன்னால் என்ன செய்வார் என்று எனக்கும் தெரியும்.

சுண்டு


ஜனவரி 30

அன்புள்ள சுண்டு,

போட்டோ இதோடு இருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்கினார். ஜன்னலைத் திறந்துவைத்து எடுத்தேன். புரண்டு விழித்துவிடுவாரோ என்று திருடி மாதிரி அவசரத்தில் எடுத்ததில் ஒன்று கலங்கலாக இருக்கிறது.

பிளேடை எறிந்தேன், வேறு வாங்கி வந்துவிட்டார். டாக்டரிடம் போகலாம் என்று நானும் எல்லா விதத்திலும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"கால் ஆணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனா டெப்போல சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டுமே, காட்டறதுல என்ன குறைஞ்சு போகுது?"

"நீ டாக்டர்ட்ட போம்ப. அவன் ரெஸ்ட் எடும்பான். லீவு போட்டா என் ரூட்டுக்கு வேற ஆளப் போட்ருவான். அப்புறம் என்னை டிக்கெட் கவுன்ட்டர்ல கூண்டுக்குள்ள உக்கார வச்சிருவாங்க. கூண்டுல உக்காரவா நான் பொறந்தேன்?"

அதற்கு மேல் பேசினால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுகிறார். அவரோடு வண்டி ஓட்டும் டிரைவரிடம் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பாவப்பட்ட மனுஷன், "நான் சொன்னா வண்டியவிட்டே இறக்கி விட்ருவார் அண்ணி" என்கிறார். ஓட்டுகிறவரையே இறக்கிவிடுவாராம்.

படிகளில் இறங்கும்போது முன்பாதத்தை மட்டும் ஊன்றுகிறார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் வலியோடு முழுக்காலையும் ஊன்றி நடக்கிறார். இந்த மனுஷனை என்ன செய்ய, சொல்லு.

உன் மகளுக்கு என் முத்தம். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அடுத்த கடிதத்தில் எழுது.

அண்ணி


பிப்ரவரி 6

அண்ணி,

போட்டோவை எங்கள் டாக்டரம்மாவிடம் காட்டினேன். யாருடையது என்று சொல்லவில்லை. கலங்காத படத்தை நெடுநேரம் பார்த்தார். "இவங்க எங்க இருக்காங்க? ஏன் இன்னும் இங்க வரல?" என்று கேட்டார். நான் வெளியே வந்து தண்ணீர் குடித்தேன்.

இனிமேல் கெஞ்சிப் பயனில்லை. பொய் சொல்லுங்கள். எனக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், பிழைப்பது கஷ்டம், கடைசியாக ஒரு தடவை அண்ணனைப் பார்க்க வேண்டும் என்கிறேன் என்று சொல்லுங்கள். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிதான் என்று சொல்லாதீர்கள். அவர் வந்தால் கால் தானாக வரும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வராவிட்டால்? அதையும் யோசித்தேன். நான் சாகக் கிடந்தாலும் வரமாட்டார் என்பது தெரிந்துபோகும். தெரிந்தால் தெரியட்டும்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உங்கண்ணன் என்னை அடிச்சாலும் வாங்கிக்கறேன், வரச் சொல்லு" என்றார்.

இதைப் படித்ததும் செய்யுங்கள். யோசிக்க உட்காராதீர்கள்.

சுண்டு


பிப்ரவரி 22

அன்புள்ள சுண்டு,

ஊர் வந்து சேர்ந்தோம். சதை எடுத்த இடத்தில் தையல் காய்ந்து வருகிறது. கட்டை நனைக்காமல் பார்த்துக்கொள்கிறார். அந்த மட்டும் டாக்டரம்மா பேச்சைக் கேட்கிறார். என் பேச்சுத்தான் கிடையாது. இப்போது எனக்குப் பதில் சுவரிடம் பேசுகிறார். "சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லு," "தண்ணி கொண்டாரச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துத்தான் உத்தரவு. சுவர் எதுவும் எடுத்து வைக்காததால் நான் வைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நீ பார்த்தாய். அதற்கு முன் நடந்ததை நீ பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்று டியூட்டி முடித்து வந்து சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். கை அப்படியே நின்றது. "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டார். கழற்றிய பித்தான்களை மறுபடி போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். என்ன வியாதி, யார் சொன்னது, உனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி கிடையாது. நான் பையில் துணி எடுத்து வைப்பதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டார், அந்தக் காலோடு. ஷூ போட முடியவில்லை என்று குளியலறைச் செருப்பில் வந்தார்.

ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு தனக்குள் பேசிக்கொண்டே வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார். "நாந்தான் வாய வச்சேன். நல்லா இருக்க மாட்டன்னு நாந்தான் சொன்னேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, "அவ சின்னப் புள்ள. என்னை எடுத்துக்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது, சுண்டு. சொல்லியிருந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கியிருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

ஸ்டேஷனில் உன் வீட்டுக்காரரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படியிறங்க முடியாமல் நின்றபோது அவர் குனிந்து முதுகைக் காட்டினாரே, அப்போது என்னைப் பார்த்து, "டிக்கெட் வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன், செக் பண்ணிக்கச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு அந்த முதுகிலேயே ஏறிக்கொண்டார்.

பிறகு வராந்தாவில் நீ யூனிஃபார்மோடு நின்றாய். கன்னம் இன்னும் வலிக்கிறதா? அடித்த கையாலேயே அந்தக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் அழுத மாதிரி நான் இதுவரை பார்த்ததில்லை. அவர் அழுவார் என்றே எனக்குத் தெரியாது. "நீயுமா?" என்று என்னைப் பார்த்து ஒரு தடவை கேட்டார், அன்றோடு சுவர் வந்துவிட்டது.

முடிவு எப்போது வரும்?

அண்ணி


மார்ச் 3

அண்ணி,

முடிவு வந்துவிட்டது. சுற்றிவளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. அது புற்றுநோய்தான். மெலனோமா என்பார்கள். தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களில் வருவது.

மேல்தோலில் மட்டும் இருக்கும்போது பிடித்தால் வெட்டி எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அண்ணனுக்கு ஆழமாக இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா தொடை இடுக்கில் அமுக்கிப் பார்த்தாரே, அங்கே ஒரு நெறி கட்டியிருக்கிறது. அதுவும் இதனால்தான் என்று சந்தேகப்படுகிறார். குதிகாலில் அந்த இடத்தை அகலமாக வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும். நெறியையும் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நரம்பில் மருந்து ஏற்றுவது.

"எவ்வளவு நாளா இருக்கு?" என்று அவர் கேட்டபோது, "போன மழைக்கு முன்னாடி" என்றார் அண்ணன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "அதுக்கும் முந்தின மழை" என்றீர்கள். அதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. இரண்டு மழை அண்ணி! ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். ஒரே பாயில் படுக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களின் பாதத்தை ஒரு நிமிஷம் பார்த்ததும் நான் டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடுகிறேன். நீங்கள் இரண்டு மழை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆபரேஷன் தேதி வாங்கிவிட்டேன். கூட்டிக்கொண்டு வாருங்கள்.

சுண்டு


மார்ச் 9

சுண்டு,

உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். படித்துவிட்டு ஒரு ஸ்கூல் சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன்.

நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்றா நினைக்கிறாய்? அவர் காலையில் நான் எழுவதற்கு முன்னால் சாக்ஸ் மாட்டுகிறவர். ராத்திரி காலைக் கழுவிக்கொண்டு நேராகப் போர்வைக்குள் விடுகிறவர். வலிக்கிறது என்று அவர் வாயால் ஒரு நாள் சொன்னதில்லை. ஆணி என்று அவர் சொன்னார், மருந்துக்கடைக்காரர் சொன்னார், டெப்போவில் பாதிப் பேருக்கு ஆணி இருக்கிறது. நான் தையல்காரி. எனக்குத் துணியில் கறை தெரியும். உனக்குத் தெரிந்தது எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவள் நீ. அந்த இரண்டு மழையும் நீ எங்கே இருந்தாய்?

இப்படி எழுதிவிட்டு அந்த வரிகளை அடித்துவிடத்தான் நினைத்தேன். அடிக்கவில்லை. நீ எழுதியதை நான் படித்த மாதிரி நீயும் படி. அப்புறம் இரண்டு பேரும் விட்டுவிடுவோம்.

அவரிடம் நான்தான் சொன்னேன். சுவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, யாரோ ஒருத்தர் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கால எடுத்துருவாங்களா?"

"குதிகால்ல கொஞ்சந்தான்."

"நின்னு டிக்கெட் குடுக்க முடியுமா?"

முடியும் என்றேன். அது அடுத்த பொய்.

திங்கட்கிழமை வருகிறோம்.

அண்ணி


ஜூலை 18

அன்புள்ள சுண்டு,

உன் வீட்டில் இருந்த நாளெல்லாம் பேசித் தீர்த்தும் மறுபடி எழுதத் தோன்றுகிறது. பழகிவிட்டது. உன் மகள் அவருக்குக் கொடுத்த பொம்மை விசிறியைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறார்.

ஊன்றுகோலில் நடக்கிறார். ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது. சாப்பாடு இறங்குவதில்லை. மருந்து ஏற்றிய அன்று யாரையும் கிட்ட விடுவதில்லை. மற்ற நாளில் அவருக்கு ஒரு புது வேலை கிடைத்திருக்கிறது, அதைக் கேள்.

பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுவதற்கு முன்னால், "செருப்பைக் கழட்டு, பாதத்தைக் காட்டு" என்கிறார். பழம் வாங்கிக்கொண்டு மரியாதையாக வருகிற ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க முடியும். டெப்போ டைம்கீப்பர் வந்தார், காட்டினார். பக்கத்து வீட்டு டீச்சர் வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்தார், அவரையும் விடவில்லை. கை நகத்தையும் பார்க்கிறார். "டிக்கெட் இல்லாம யாரும் உள்ள வரக்கூடாது" என்கிறார். செக்கர் வேலையை அவரே எடுத்துக்கொண்டுவிட்டார் என்று உன் வீட்டுக்காரரிடம் சொல்.

நேற்று அவருடைய டிரைவர் வந்தார். "வேணாண்ணே, சாக்ஸ் நாறும்" என்று மழுப்பினார். "இத்தனை வருஷம் உன் பின்னாடி நின்ன எனக்கா தெரியாது? கழட்டு" என்றார். வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கறுப்பு. மிளகு அளவு இருக்கும். "எப்பவும் இருக்கற மச்சம்ணே" என்றார் டிரைவர். "எப்பவும்னா எப்ப இருந்து?" அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் அண்ணன் ஊன்றுகோலை எடுத்துக் கதவை மறித்துக்கொண்டார். உன் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று டிரைவர் வாயால் சொன்ன பிறகுதான் வழி விட்டார்.

செவ்வாய்க்கிழமை வருவார். பயந்த சுபாவம். பார்த்துக்கொள்.

அண்ணி


ஆகஸ்ட் 27

அண்ணி,

இரண்டு செய்தியும் ஒரே நாளில் வந்தது. எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

டிரைவருக்கு வந்ததும் அதுவேதான். ஆனால் மேல்தோலைத் தாண்டவில்லை. பாதத்தில் ரேகை இருக்கிறதல்லவா, சாதாரண மச்சத்தின் கறுப்பு ரேகைப் பள்ளத்தோடு போகும். இவருக்கு மேட்டில் ஓடியிருந்தது. டாக்டரம்மா விளக்கு வைத்த கண்ணாடியில் எனக்குக் காட்டினார். சுற்றிலும் கொஞ்சம் சேர்த்து முழுசாக எடுத்தாகிவிட்டது. ஓரமெல்லாம் சுத்தம். மருந்துகூட வேண்டாம், அவ்வப்போது வந்து காட்டினால் போதும். "உங்களுக்கு இதக் கண்டுபிடிச்ச டாக்டர் யாரு?" என்று டாக்டரம்மா கேட்டார். "எங்க கண்டக்டருங்க" என்றார்.

அண்ணனுக்கு ஸ்கேனில் நுரையீரலிலும் ஈரலிலும் தெரிகிறது. மருந்து நிறுத்தவில்லை. வேறு மருந்து இருக்கிறது என்கிறார்கள், நானும் தலையாட்டினேன். நான் எத்தனை குடும்பங்களுக்கு இதே வார்த்தையை இதே குரலில் சொல்லியிருக்கிறேன். அவர்கள் தலையாட்டியது இப்படித்தான் இருந்திருக்கும்.

டிரைவர் விஷயத்தை அண்ணனிடம் உடனே சொல்லுங்கள். மற்றதை நான் வந்து சொல்கிறேன். நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டாம்.

சுண்டு


நவம்பர் 30

அன்புள்ள சுண்டு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. நீ இங்கே இருந்தவரை வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது. இப்போது தண்ணீர்க் குழாயைச் சரியாக மூடாவிட்டால் அடுத்த அறைக்குக் கேட்கிறது. கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன்.

உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. நீ வந்து சேர்வதற்கு முந்தின நாள். வலிக்குக் கொடுத்த மருந்தில் அவருக்கு எது எப்போது நடந்தது என்று தெரியவில்லை. திடீரென்று எழுந்து உட்காரப் பார்த்தார். சட்டை எங்கே என்றார். ஏன் என்றேன்.

"சுண்டு ஆஸ்பத்திரில கெடக்குறாளே. போக வேணாமா? டாக்டர் என்ன சொன்னார்?"

நல்லா இருக்கா என்று சொன்னால் நம்பமாட்டார் போலிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "கண்டத்தத் தாண்டிட்டா. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்களாம்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்பாடா" என்றார். படுத்தார். அந்த மாதிரி நிம்மதியாக அவர் படுத்து ரொம்ப நாளாகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் நீ வந்து கூப்பிட்டபோது கண்ணைத் திறந்து பார்த்தாரே, நீ பிழைத்து வந்ததாக நினைத்துத்தான் பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது என்று நீ சொல்லிச் சொல்லி அழுதாய். அது எதனால் என்று சொல்ல எனக்கு அப்போது தைரியம் வரவில்லை.

நேற்று டிரைவர் வந்தார். சாவுக்கு வந்தவர் அதற்கப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. டியூட்டியில் சேர்ந்துவிட்டாராம். கடை வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல், "என்னைப் பார்த்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் வரல அண்ணி" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே வலது செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். சின்னத் தழும்பு. பித்தான் துளை தைத்த மாதிரி. அவ்வளவுதான்.

எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், வரத்தானே வேண்டும்? வரவில்லை. அந்தத் தழும்பைப் பார்க்கப் பார்க்க, இவ்வளவு சின்னதாக முடிந்திருக்குமே என்று வயிறு எரிந்தது. ஒரு நல்ல மனுஷன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், அவர் பாதத்தைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன். உன்னைத் தவிர யாரிடம் இதைச் சொல்ல?

அவர் புரிந்துகொண்டாரோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் எனக்கே மனசு கேட்கவில்லை. குனிந்து அந்தத் தழும்பின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். அழுத்திப் பார்த்தேன். "வலிக்குதா?" என்றேன். "இல்ல அண்ணி" என்றார். "செருப்பப் போட்டுக்கங்க, வண்டிக்கு நேரமாச்சு" என்றேன்.

அவர் போனபிறகு மெஷினில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த ரூட் பஸ் கடையைத் தாண்டிப் போயிற்று. விசில் கேட்டது. யாரோ புது ஆள். சரியாக ஊதக்கூடத் தெரியவில்லை.

உன் அண்ணி